முதலும் விலாசமும்: ப. சிங்காரம் நாவல்களில் அயலகத் தொழில்வாழ்வு

முன்னுரை

தமிழர் கடல் கடந்து சென்ற வரலாற்றைத் தமிழ் இலக்கிய ஆய்வு பெரும்பாலும் இரண்டு நிலைகளில் வைத்தே பேசி வந்துள்ளது. ஒன்று, தோட்டக்காடுகளுக்குக் கூலிகளாகச் சென்றோரின் துயரம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பாரதியார் பாடலும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் இவ்வகைக்குச் சான்றுகளாக எடுத்துக்காட்டப்படுவன. மற்றொன்று, 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வெளியேறியோர் படைத்த புலம்பெயர் இலக்கியம். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. அயல்நாட்டில் ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்து, தொழில் கற்று, ஒருநாள் தன் பெயரில் கடை வைக்கலாம் என்னும் எண்ணத்துடன் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். கூலியாகவும் அகதியாகவும் அல்லாத இவர்களைப் பற்றிய ஆய்வு ஒப்பளவில் குறைவாகவே நிகழ்ந்துள்ளது.

இக்கூட்டத்தின் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம் (1920-1997). அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரு நாவல்களும் போர் நாவல்கள் என்றும், சாகச நாவல்கள் என்றும், நனவோடை உத்தியும் பகடியும் விரவிய சோதனை முயற்சிகள் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளன. அம்மதிப்பீடுகள் பிழையானவை அல்ல. ஆயினும் இந்நாவல்களின் மையத்தில் இருப்பது போர்க்களம் அன்று, வட்டிக்கடையே என்பது இக்கட்டுரையின் கருத்து. அயல்மண்ணில் தொழில் தொடங்குவதற்கு முதல் மட்டும் போதாது; விலாசம் வேண்டும். அந்த விலாசம் உழைப்பவனுக்கு உரியதன்று. இந்த முரணே சிங்காரத்தின் நாயகர்களை இயக்குகிறது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பொருள்வயின் பிரிவும் சொல்லப்படாத தொழிலும்

பொருள் தேடிப் பிரிதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. பாலைத்திணையின் பெரும்பகுதி பொருள்வயின் பிரிவைப் பற்றியதே. கடல்வழிப் பயணம் பெண்டிரோடு நிகழ்வதில்லை என்னும் வரையறையையும் தொல்காப்பிய அகத்திணையியல் தருகிறது. ஆனால் அகப்பாடல்களை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். தலைவன் கடந்து செல்லும் சுரத்தின் வெம்மை பாடப்படுகிறது. காத்திருக்கும் தலைவியின் மெலிவு பாடப்படுகிறது. திரும்பி வரும் தேரின் ஒலியும் பாடப்படுகிறது. அவன் சென்ற இடத்தில் என்ன தொழில் செய்தான், யாரிடம் செய்தான், ஈட்டிய பொருளில் அவனுக்குரிய பங்கு யாது என்பன பாடப்படுவதில்லை. பொருள் என்பது அகமரபில் பிரிவுக்குக் காரணமாக நிற்கிறதே தவிர, ஈட்டப்படும் முறையாகக் காட்டப்படவில்லை.

இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; அகத்தின் நோக்கம் வேறு. ஆனால் அம்மரபில் பயின்ற வாசிப்பு, பிற்கால அயலகப் படைப்புகளையும் பிரிவுத்துயர் என்னும் ஒரே அளவுகோலால் அளக்கப் பழகிவிட்டது. சிங்காரத்தின் நாவல்களிலும் காதல் தோல்வியும் ஊர் நினைவும் முதன்மையாகக் கண்ணுக்குப் பட்டமைக்கு இப்பழக்கமும் ஒரு காரணம் எனலாம்.

கோவலனின் சிலம்பு

சென்ற இடத்தில் நிகழும் தொழில்முயற்சியைக் கதையின் திருப்பமாக வைத்த முதற் பேரிலக்கியம் சிலப்பதிகாரம். கோவலன் மதுரைக்குச் செல்வது ஊழின் காரணமாக மட்டுமன்று. இழந்த பொருளை மீட்க, சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்யவே அவன் செல்கிறான். வேற்று நாட்டின் தலைநகரில் புதிதாகத் தொழில் தொடங்க வந்த வணிகன் என்றே அவனைக் கொள்ள வேண்டும்.

அவனிடம் முதல் இருந்தது. மதுரையின் அகநகரில் வாழும் வணிகர்கள் அவனது குடிச்சிறப்பு அறிந்து அவனை ஏற்பர் என அடைக்கலக் காதையில் அறிவுரையும் கூறப்படுகிறது. ஆனால் அவன் அவர்கள் இல்லத்தை நாடவில்லை. ஆயர்பாடியில் தங்கி, அங்கிருந்து தனியனாகக் கடைவீதிக்குச் செல்கிறான். புகார் நகரில் மாசாத்துவான் மகன் என்னும் ஒரு சொல்லே போதுமான பிணையாக இருந்திருக்கும். மதுரைக் கடைவீதியில் அவன் கையில் சிலம்பு ஏந்தி நிற்கும் அயலான். பொற்கொல்லனின் பொய் எளிதில் எடுபட்டமைக்கு அவனைப் பற்றிச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லாமையும் காரணமாயிற்று. முதல் உண்டு, விலாசம் துணைவரவில்லை என்பதே கோவலன் வணிகனாக அடைந்த வீழ்ச்சி. இந்நோக்கில் பார்க்கும்போது, கடல் கடந்த வணிகர்கள் பிற்காலத்தில் உருவாக்கிக்கொண்ட அமைப்பு, கோவலனுக்கு நேர்ந்தது தமக்கு நேராதிருக்கக் கட்டிய அரண் போலத் தோன்றுகிறது.

வட்டிக்கடை என்னும் அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை இலங்கை, பர்மா, மலாயா, சுமத்ரா, சைகோன் ஆகிய இடங்களில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழில் மிகப் பெரியது. பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன என 1929-30ஆம் ஆண்டுகளின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பொருளாதார மந்தத்திற்குப் பின் கீழ்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவர்கள் கைக்கு வந்திருந்தது.

இத்தொழிலின் உள்ளமைப்பு நோக்கத்தக்கது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். மேலாள் முதலாளியின் அதிகாரப் பத்திரம் பெற்றுச் செல்வார். பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஒரே கிட்டங்கியில் பல கடைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியும் ஒரு சாய்வு மேசையும் உரியவை. பகலில் கடையாக இருந்த இடமே இரவில் படுக்கும் இடம். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று நாளும் எழுதப்படும் கணக்கே அக்கடையின் மொழி.

இவ்வமைப்பின் உச்சியில் இருப்பது விலாசம். முதலாளியின் பெயரும் அவர் முன்னோர் பெயரும் தரும் முதலெழுத்துகளே கடையின் பெயர். ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் வரும் பினாங்கு வட்டிக்கடைக்காரர் வயிரமுத்துப் பிள்ளை ‘வானா யீனா’ என்றே அறியப்படுகிறார். நகரத்தார் அல்லாத ஒருவர் நகரத்தாரின் தொழில்முறையையும் பெயர்முறையையும் தமதாக்கிக்கொண்டதை இது காட்டுகிறது. வங்கிகள் கடன் தருவதும், பிற கடைகள் பணம் மாற்றுவதும், ஊரில் உள்ளோர் பணத்தை ஒப்படைப்பதும் அவ்விரண்டு எழுத்துகளை நம்பியே. அந்த எழுத்துகளுக்கு நாள்தோறும் நம்பிக்கை சேர்ப்பவன் கடை ஆள். சேர்ந்த நம்பிக்கை பதிவாவதோ முதலாளியின் பெயரில்.

சிங்காரம் இதனைக் கேட்டு எழுதியவர் அல்லர். சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றவர். பின்னர் வேறு பணியும் பார்த்து, சிலரோடு சேர்ந்து பினாங்குக்குச் சரக்கு அனுப்பும் வணிகத்திலும் ஈடுபட்டு, 1946-இல் ஊர் திரும்பினார். ஆளாகவும் சிறுவணிகராகவும் அயல்மண்ணில் வாழ்ந்த பட்டறிவு அவருக்கு இருந்தது.

செல்லையா: ஆள் முதலாளி ஆகாமை

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் கதை எளியது. வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் ஆளாக இருக்கும் செல்லையா, அவர் மகள் மரகதத்தை விரும்புகிறான். அவளும் விரும்புகிறாள். இடையில் போர் வருகிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து களம் காண்கிறான். போர் முடிந்து திரும்புபவனுக்குப் பிள்ளை பெண் தர மறுக்கிறார். காதல் நிறைவேறவில்லை.

இம்மறுப்பைத் தந்தையின் பிடிவாதம் என்று படித்தால் நாவல் வழக்கமான காதல் கதையாகச் சுருங்கிவிடும். பிள்ளைக்குச் செல்லையாவின் திறமை தெரியும், நேர்மை தெரியும், மகளின் மனமும் தெரியும். துப்பாக்கி ஏந்தியவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பதே அவர் கண்ட முடிவு. வட்டிக்கடை பணிவையும் பொறுமையையும் மூலதனமாகக் கொண்ட தொழில். கடன்காரனிடம் குழைந்தும் கண்டித்தும் பேசத் தெரிந்தவன் வேண்டும். ஆணையிட்டுப் பழகியவன் அல்லன். ஆகவே அவருடைய மறுப்பை ஒரு வணிகத் தீர்ப்பாகவே கொள்ள வேண்டும்.

அத்தீர்ப்பின் அழுத்தத்தை உணரக் காலச்சூழலை நினைவிற்கொள்ள வேண்டும். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுக்கு மேலாகப் புழங்கிய ஜப்பானிய நோட்டுகள், 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் செல்லாக் காகிதமாயின. போருக்கு முன் வாங்கிய கடனை அந்நோட்டுகளால் அடைத்தவர்களும் உண்டு. இச்சிக்கலைத் தீர்க்க மலாயாவில் 1948-இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. பெட்டியில் இருந்த முதல் ஒரே நாளில் மதிப்பிழக்கக்கூடும் என்பதை வட்டிக்கடைக்காரர்கள் கண்ணாரக் கண்ட காலம் அது. முதல் நிலையற்றதாகிய அவ்வேளையில் எஞ்சியிருந்தது விலாசம் ஒன்றே. அதனை யார் கையில் ஒப்படைப்பது என்பது பிள்ளையின் தலையாய கேள்வியாவதில் வியப்பில்லை. மருமகன் என்பவன் மகளுக்குக் கணவன் மட்டுமல்லன். ‘வானா யீனா’ என்னும் எழுத்துகளின் அடுத்த உரிமையாளன்.

இங்கே செல்லையாவின் நிலை தெளிவாகிறது. அவ்வமைப்பில் ஆளாக இருப்பவன் முதலாளியாக வழிகள் சில உண்டு. சம்பளத்தைச் சேர்த்துத் தனிக்கடை வைக்கலாம். அதற்கும் பழைய முதலாளியின் கடனுதவியும் நற்சொல்லும் வேண்டும். அல்லது மணவுறவால் விலாசத்தின் உள்ளே நுழையலாம். இரண்டு வழிக்கும் திறவுகோல் முதலாளியிடமே இருக்கிறது. செல்லையா கடல் கடந்து வந்து கற்றவை பல: அச்சமின்மை, தலைமை தாங்கும் ஆற்றல், தன்மதிப்பு. அயல்மண் அவனை வளர்த்தது. அந்த வளர்ச்சியே அவனைக் கடைக்கு உதவாதவன் ஆக்கியது. மரகதத்தை இழப்பதும் முதலாளியாகும் வாய்ப்பை இழப்பதும் அவனுக்கு இரு வேறு இழப்புகள் அல்ல என்பதை நாவல் ஆரவாரமின்றி உணர்த்துகிறது. அவனுடைய நண்பன் மாணிக்கம் கூறும் தேறுதல் சொற்கள் துறவு மரபைச் சார்ந்து அமைவதும் கருதத்தக்கது. உலகியலில் அவனுக்குத் திறக்கும் கதவு ஒன்றும் இல்லை என்பதால், ஆறுதலும் உலகியலுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

பாண்டியன்: விலாசத்தை விலக்கியவன்

‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியன் செல்லையாவின் மறுபக்கம். செல்லையா விலாசத்துக்குள் நுழைய விரும்பித் தடுக்கப்பட்டவன். பாண்டியன் அதனை விரும்பாதவன். மேடான் நகரின் வட்டிக்கடை உலகத்திலிருந்து தோணியில் பினாங்குக்கு வந்து, இராணுவத்தில் சேர்ந்து, பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரிலும் பங்கேற்கிறான். வணிகனாக நிலைபெறுவதற்கு வேண்டிய கூர்மையும் தொடர்பும் அவனுக்கு உண்டு. ஆயினும் அவன் எங்கும் கடை விரிக்கவில்லை.

தமிழ்ப் பெருமிதத்தைப் பகடி செய்யும் உரையாடல்கள் இந்நாவலில் நிறைந்திருப்பதைத் திறனாய்வாளர்கள் சுட்டியுள்ளனர். அப்பகடி வட்டிக்கடையையும் தொட்டுச் செல்கிறது. கடாரம் கொண்ட சோழனின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதுபவர்கள், அதே கடற்பரப்பில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி கணக்கிடுகிறார்கள் என்னும் முரண் அதன் அடியில் உள்ளது. பாண்டியன் என்னும் பெயரே அம்முரணைச் சுமந்து நிற்பது. முன்னோரின் பெரும்பெயரைச் சுமந்தவன், தனக்கென ஒரு விலாசம் இல்லாமல் அலைகிறான். ஊர் திரும்பும் எண்ணம் வந்தபின் அயல்மண்ணிலேயே மடிகிறான். அவ்வமைப்பை ஏற்றவனுக்கும் இடமில்லை, மறுத்தவனுக்கும் இடமில்லை என்பது இரு நாவல்களையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் முடிவு.

கல்லாவிலிருந்து ஒரு பார்வை

இதனோடு ஒப்பிடத்தக்கவர் திருவனந்தபுரத்து எழுத்தாளர் ஆ. மாதவன் (1934-2021). அவர் அயல்நாட்டுக்குச் சென்றவர் அல்லர்; மலையாள வழியில் கல்வி கற்று, சாலைக் கடைத்தெருவில் சொந்தக் கடை நடத்தியபடி தமிழில் எழுதியவர். வேற்றுமொழிச் சூழலில் தமிழர் வணிகம் செய்யும் தெருவே அவர் படைப்புகளின் களம். அவர் கதைகளில் முன்னிற்பவர்கள் முதலாளிகள் அல்லர். சுமை தூக்குவோரும், சிறு திருட்டு செய்வோரும், தெருவில் உறங்குவோருமே.

இருவர் பார்வையும் அவரவர் அமர்ந்த இடத்தால் அமைந்துள்ளது. கல்லாவில் அமர்ந்த மாதவனுக்குத் தெரு தெரிகிறது. பெட்டியடியில் அமர்ந்த சிங்காரத்துக்குக் கடையின் உட்புறம் தெரிகிறது. மாதவனின் மாந்தர்கள் முதலாளியாகும் கனவு காண்பதில்லை; அன்றாடமே அவர்களுக்குப் போதிய போராட்டம். சிங்காரத்தின் மாந்தர்களுக்கு அக்கனவு ஊரிலேயே ஊட்டப்பட்டுவிடுகிறது. கடல் கடந்த வேலைக்குக் கனவு ஒரு முன்பணம் போல வழங்கப்படுகிறது என்று கூறினும் பொருந்தும்.

நாவல்களின் எல்லை

சிங்காரத்தின் பார்வைக்கும் எல்லை உண்டு. வட்டிக்கடையின் கணக்கில் இரண்டு பக்கங்கள்: வரவு, பற்று. நாவல்கள் கடையின் உள்ளே இருப்போரை நுட்பமாகக் காட்டுகின்றன. கடன் வாங்கிய மலாய்க்காரரும் சீனரும் பெரும்பாலும் தெருக்காட்சியின் பகுதியாகவே வந்து போகின்றனர். அவர்கள் நிலமும் நகையும் கடைக்கு வந்து சேர்ந்த கதை அவர்கள் வாயால் சொல்லப்படவில்லை. பர்மாவில் 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்ததன் பின்னணியில், கடன்பட்டு நிலம் இழந்த உழவரின் கசப்பும் இருந்தது. அக்கசப்பைத் தமிழ் நாவல் உள்ளிருந்து எழுதவில்லை.

அவ்வாறே ஊரில் மூன்றாண்டுகள் காத்திருந்த பெண்களின் தரப்பும் முழுமையாக வெளிப்படவில்லை. அகமரபு தலைவியைப் பேசவைத்துத் தொழிலை மறைத்தது. சிங்காரம் தொழிலைப் பேசவைத்தபோது தலைவியின் குரல் தாழ்ந்தது. மரகதம் விரும்புகிறாள், வருந்துகிறாள். விலாசத்தைத் தானே ஏற்று நடத்தலாம் என்னும் எண்ணம் அவளுக்கோ தந்தைக்கோ எழவில்லை. அக்காலச் சமூக நிலை அதற்குக் காரணம் எனினும், விலாசம் ஆண்வழியில் மட்டுமே நகரும் பொருளாக இருந்ததை நாவல் கேள்விக்கு உட்படுத்தவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இன்றைய வாசிப்பில்

மேடானும் பினாங்கும் கடந்தகாலம். இக்கேள்வி கடந்தகாலம் அன்று. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. அயல்நாட்டு நிறுவனங்களுக்கான வேலை அங்கே உள்ளூரில் இருந்தே செய்யப்படுகிறது. அதே பகுதியில் வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தால் எழுந்த வீடுகளும் கடைகளும் உள்ளன. வளைகுடா வாழ்வை மலையாள இலக்கியம் விரிவாகப் பதிந்துள்ளது. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ள பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ (2008) அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. அதன் நாயகன் நஜீப், வானூர்தி நிலையத்தில் தன் உண்மையான பொறுப்பாளர் யார் என அறியாமல், வந்தழைத்த வேறொருவன் பின் சென்று பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடிமையாகிறான். எவர் பெயரின் கீழ் அயல்நாட்டில் நிற்கிறோம் என்பதே உயிர்ப்பிரச்சினை ஆகிறது. கோவலனைத் தாங்க மதுரைக் கடைவீதியில் ஒரு பெயர் இல்லை. நஜீபோ தவறான பெயரின் கீழ் சிக்கினான்.

தொழில் தொடங்குவோர்க்கும் நிலை இதுவே. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனி வணிக மண்டலங்களுக்கு வெளியே நிறுவனம் தொடங்கும் அயல்நாட்டினர், பொதுவாக 51 விழுக்காட்டுப் பங்கை உள்நாட்டவர் பெயரில் வைக்க வேண்டும் என்னும் விதி நெடுங்காலம் இருந்தது. 2021-இல்தான் பெரும்பாலான தொழில்களுக்கு அது தளர்த்தப்பட்டது. உழைப்பும் முதலும் ஒருவருடையவை. பெயர்ப்பலகையில் பெரும்பங்கு மற்றொருவருடையது. ‘வானா யீனா’வின் கடையில் செல்லையா எதிர்கொண்ட முரண், சட்ட விதியாகவே நின்ற காலம் அது.

முடிவுரை

சிங்காரத்தின் நாவல்களை வட்டிக்கடையை மையமாக வைத்துப் படிக்கும்போது, காதலும் போரும் பகடியும் தனித்தனிக் கூறுகளாக நில்லாமல் ஓர் அடிப்படை முரணின் வெளிப்பாடுகளாக இணைகின்றன. அயல்மண்ணில் முதலைச் சேர்க்கலாம், திறமையைச் சேர்க்கலாம், நம்பிக்கை என்னும் விலாசத்தைச் சேர்ப்பவன் அதற்கு உரியவன் ஆவதில்லை. செல்லையா அதனைக் கேட்டு இழந்தான். பாண்டியன் கேளாமல் இழந்தான்.

அயலக இலக்கியத்தைப் பிரிவின் துயராகவும் வேரிழந்த ஏக்கமாகவும் மட்டும் மதிப்பிடும் ஆய்வுமுறை இம்முரணைக் காணாது. தாயகத்தைப் பிரிந்தவன் என்ன உணர்ந்தான் என்று கேட்பதோடு, அவன் எழுதிய பேரேடு யார் பெயரில் இருந்தது என்றும் ஆய்வாளர் கேட்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ப் படைப்புகளையும், வளைகுடாவை எழுதிவரும் படைப்புகளையும் இக்கேள்வியுடன் அணுகினால், காதல் கதைகளாகவும் குடும்பக் கதைகளாகவும் இதுவரை வகைப்படுத்தப்பட்டவற்றுள் பல, தொழிலுறவின் கதைகளாகத் தம்மைக் காட்டக்கூடும். கடன்பட்டவனின் பேரேட்டையும் காத்திருந்தவளின் கணக்கையும் எழுதும் நாவல் தமிழில் இனிதான் வரவேண்டும்.